அட்டைப் பியானோவின் ஆயுள்

வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கெனத் தனியே விற்கப்படும் துணைப்பொருள்கள், காரோட்டும் விளையாட்டுக்கான சக்கரமாயினும் தாளம் தட்டும் விளையாட்டுக்கான பிளாஸ்டிக் மேளமாயினும், தொழிற்சாலையிலேயே முற்றுப்பெற்று, பெட்டியைத் திறந்தவுடன் பயன்படுத்தத் தக்கனவாய் வீட்டுக்கு வருவதே வழக்கம். ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிண்டெண்டோ நிறுவனம் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிற்று. 'லாபோ' என்ற பெயரில் 2018 ஏப்ரல் 20 அன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிகளுக்குள், வெட்டுக்கோடு இடப்பட்ட நெளி அட்டைத் தாள்களும் நூலும் ரப்பர் வளையங்களும் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒட்டுத்தாள்களும் விளையாட்டு மென்பொருள் பதிந்த ஒரு சிறு சில்லும் மட்டுமே இருந்தன. வாங்கியவர் தம் கையால் மடித்துச் செருகிக் கோத்தால்தான் அது துணைப்பொருளாகும். அதுவரை அது வெறும் அட்டைக் கட்டு. அட்டைக்கு ஏறத்தாழ 70 டாலர் கொடுக்கக் குடும்பங்கள் முன்வருமா, முன்வந்தாலும் அதில் எதை விரும்பும், எவ்வளவு காலம் விரும்பும் என்ற வினாக்களுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் சந்தையும் வீடுகளும் அளித்த விடை எளிதான ஆம் என்றோ இல்லை என்றோ அமையவில்லை.

இத்தகைய முயற்சி அந்நிறுவனத்தினிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. 1889இல் தொடங்கப்பட்டபோது அது செய்து விற்றது 'ஹானாஃபுதா' எனப்படும் பூப்படச் சீட்டுகளை. அதாவது, அட்டையோடு அதற்குள்ள உறவு மின்னணுவியலோடு உள்ள உறவைக் காட்டிலும் பல பத்தாண்டுகள் மூத்தது. 1960களில் பொம்மைத் தொழிலில் இறங்கிய அந்நிறுவனத்திற்கு முதற்பெரும் வெற்றியைத் தேடித் தந்த 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற நீளும் கைப்பிடிப் பொம்மையை உருவாக்கிய குன்பெய் யோகோய் என்ற பொறியாளர், புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் துரத்துவதற்கு மாறாக, விலை குறைந்து பழகிப்போன தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத வேறொரு பயனுக்குத் திருப்புவதே பொம்மை செய்வோரின் கலை என்ற கொள்கையை அங்கே விதைத்துச் சென்றார். நெளி அட்டையைக் காட்டிலும் பழகிப்போன பொருள் ஏது? அதனை 2017 மார்ச்சில் வெளியான 'சுவிட்ச்' என்ற விளையாட்டுக் கருவியோடு இணைத்த லாபோ, அக்கொள்கையின் நேர் வாரிசு. அதன் இயக்குநராக இருந்த ட்சுபாசா சகாகுச்சி, தயாரிப்பாளராக இருந்த கோயிச்சி கவமோட்டோ ஆகிய இருவரில் பின்னவர் சுவிட்ச் கருவியின் உருவாக்கத்திலேயே தலைமைப் பங்கு கொண்டிருந்தவர் என்பதும் கருதத்தக்கது. ஏனெனில், லாபோவின் நுட்பம் அட்டையில் பாதி என்றால், அக்கருவியின் இரு பக்கங்களிலும் செருகிக் கழற்றத்தக்க 'ஜாய்-கான்' என்னும் கைக்கட்டுப்பாட்டுக் கருவிகளில் மறுபாதி இருக்கிறது.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஜாய்-கான் ஒவ்வொன்றிலும், எப்பக்கம் சாய்கிறது, எவ்வளவு விரைவாக அசைகிறது என்பவற்றை உணரும் உணரிகளும், நுண்ணிய அளவில் அதிர்வெழுப்பும் பொறியும் உள்ளன. இவற்றோடு, வலக்கைக் கருவியின் அடிமுனையில் அகச்சிவப்பு ஒளிப்படக் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியை இது தானே வீசி, எதிரிலுள்ள பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும். சுவிட்ச் வெளியாகி ஓராண்டு வரை இதன் பயன் பலருக்கும் விளங்கவேயில்லை. லாபோவின் அட்டைப் பியானோவுக்குள் இந்தக் கண்ணைச் செருகியபோதுதான் அது விளங்கிற்று. அப்பியானோவில் 13 கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் பின்முனையிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒட்டுத்தாள் ஒன்று. விரல் முன்முனையை அழுத்தும்போது பின்முனை ஏற்றமரம்போல் மேலெழும்ப, இருட்டறைபோன்ற அட்டைப் பெட்டிக்குள் எந்தப் புள்ளி மேலெழுந்தது என்பதைக் கண்டு, அதற்குரிய சுரத்தை மென்பொருள் ஒலிக்கச் செய்கிறது. கம்பி இல்லை, மின்சுற்று இல்லை, மின்கலம்கூட அட்டைக்குள் இல்லை. மேலேயுள்ள துளையில் வேறொரு அட்டைக் குமிழைச் செருகினால் சுரங்கள் பூனைக் குரலில் ஒலிக்கும். ஒரு தாளை மலைமுகடுபோல் வெட்டிச் செருகினால் அம்முகட்டின் வடிவமே ஒலியலையின் வடிவமாகி, இதுவரை கேளாத ஓசை ஒன்று பிறக்கும். ஒலி என்பது அலை என்ற பாடநூல் வாக்கியத்தை இவ்வளவு சுருக்கமாகக் கையில் கொடுத்த பொம்மைகள் மிகச் சில.

ஏனைய பொருள்களிலும் இதே சிக்கனம் வெவ்வேறு வகையில் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து இயக்கும் வண்டிக்குச் சக்கரமும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. இருபுறமும் செருகிய ஜாய்-கான்கள் அதிர்கையில் அட்டைக் கால்கள் நடுங்கி நடுங்கி அது மேசைமேல் வண்டுபோல் நகரும். தூண்டிலின் சுருளைச் சுற்றும்போது உள்ளே ஓர் அட்டை நாக்கு பல்லில் தட்டித் தட்டி உண்மையான தூண்டிலின் ஓசையை எழுப்பும். தனிப் பெட்டியாக 80 டாலருக்கு விற்ற இயந்திர மனிதன் தொகுப்பில், முதுகில் மாட்டும் அட்டைப் பைக்குள் நான்கு எடைகள் நூலில் தொங்கின. கைகளோடும் கால்களோடும் பிணைத்த அந்நூல்கள் இழுபட எடைகள் ஏறி இறங்குவதை அகச்சிவப்புக் கண் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் ஒரு மாபெரும் இயந்திர உருவம் அணிந்தவரைப் போலவே கைவீசி நடக்கும்.

குடும்பங்களைப் பொறுத்தவரை இவையனைத்தினும் முதன்மையானது கட்டும் நேரமே. வண்டிக்கு ஏறத்தாழ 10 நிமிடம் போதும் என்றும், பியானோவுக்கு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரமும், இயந்திர மனிதனுக்கு அதனினும் கூடுதலான நேரமும் ஆகும் என்றும் நிறுவனமே மதிப்பிட்டிருந்தது. கத்தரிக்கோலோ பசையோ தேவைப்படாதவாறு எல்லாத் துண்டுகளும் விரலால் தள்ளினால் பிரிந்துவரும்படி வெட்டப்பட்டிருந்தன. அச்சிட்ட வழிகாட்டித் தாளுக்கு மாறாகத் திரையில் அசையும் படங்களே வழிகாட்டின. பார்ப்பவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் படம் முன்னே நகரும்; விட்டால் நிற்கும்; புரியாவிட்டால் பின்னோக்கி ஓட்டலாம், உருவத்தைச் சுழற்றி முதுகுப் பக்கத்தையும் பார்க்கலாம். சிறுவரின் கைவேகத்திற்குத் திரை காத்திருக்கும் இந்த ஏற்பாட்டில், ஒருவர் படத்தை நகர்த்த, ஒருவர் துண்டுகளைப் பிரித்தெடுக்க, ஒருவர் மடிக்க என வேலை தானாகவே பங்கிடப்பட்டது. குழந்தை திரையில் மூழ்கிக் கிடக்கிறது என்பதே வீடியோ விளையாட்டைப் பற்றிப் பெற்றோரிடம் பொதுவாக எழும் குறை. அதே திரை கைவேலைக்கு ஏவலாளாக நிற்கும் காட்சி அவர்களுக்கு உவப்பாயிருந்ததில் புதுமையில்லை. லாபோவின் மீதான பெற்றோரின் நல்லெண்ணத்தில் ஒரு பங்கு, அவர்களுடைய குற்றவுணர்வுக்குக் கிடைத்த ஆறுதல் என்று சொன்னால் அது மிகையாகாது.

தானே கட்டிய பொருளின்மீது மனிதர் கொள்ளும் பற்றுக்கு நுகர்வோர் உளவியலில் 'ஐக்கியா விளைவு' என்று பெயர். பகுதிகளாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொள்ளும் அறைகலன்களுக்குப் பெயர்பெற்ற சுவீடன் நாட்டு நிறுவனத்தின் பெயரால் அமைந்த இக்கருத்தை, மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஆரியலி ஆகியோர் 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். தாம் மடித்த கோணல்மாணலான காகித உருவங்களுக்கு, பிறர் தரவே மாட்டாத விலையை மடித்தவர்கள் மதிப்பிட்டனர் என்பதே அவர்கள் கண்டது. அதே கட்டுரையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: தொடங்கிய வேலையை முடிக்க இயலாமற் போனாலோ, கட்டியதைக் கலைத்துவிட்டாலோ அந்தப் பற்று மறைந்துவிடுகிறது. லாபோவை வாங்கிய வீடுகளின் நிலையைப் புரிந்துகொள்ள இவ்விரு பாதிகளும் தேவைப்படுகின்றன. முடித்த பியானோவை எறிய எவருக்கும் மனம் வராது. பாதியில் விட்ட பியானோவோ மூலையில் கிடந்து வாங்கியவரை உறுத்திக்கொண்டே இருக்கும். 6 வயதும் அதற்கு மேலும் என்று பெட்டியில் குறிக்கப்பட்டிருந்தாலும், ஆறு வயதுக் குழந்தை தனியாக மூன்று மணி நேரம் அட்டை மடிக்காது. ஆகவே முடிவதும் முடியாததும் வீட்டுப் பெரியவருக்கு ஒரு முழுப் பிற்பகல் ஓய்வு கிடைப்பதைப் பொறுத்தே அமைந்தது. அவ்வோய்வு இல்லாத வீட்டில் இப்பொருளின் கவர்ச்சி பெட்டியின் மேற்படத்தோடு நின்றுபோகும்.

விற்பனைக் கணக்கு இதனோடு ஒத்துப்போகிறது. 2018 ஏப்ரல் முதல் சூன் வரையிலான முதற் காலாண்டில், பியானோ முதலியன அடங்கிய தொகுப்பும் இயந்திர மனிதன் தொகுப்பும் சேர்ந்து 13.9 லட்சம் விற்றதாக நிண்டெண்டோ அறிவித்தது. அட்டைக்கு இது பெரிய எண்தான். ஆனால் அச்சூன் முடிவில் உலகெங்கும் விற்பனையாகியிருந்த சுவிட்ச் கருவிகள் 1 கோடியே 96 லட்சத்தைக் கடந்திருந்தன என்பதையும் சேர்த்து நோக்கினால், நூறு கருவிகளுக்கு ஏழு தொகுப்புகள் என்ற அளவிலேயே அது நிற்கிறது. சில வீடுகள் இரண்டையும் வாங்கியிருக்கும் என்பதால் உண்மையான வீடுகளின் எண்ணிக்கை இன்னும் குறைவே. கருவியை முன்பே வைத்திராத வீட்டுக்கோ கருவியின் 300 டாலரும் தொகுப்பின் 70 டாலரும் சேர்ந்து, அட்டைப் பொம்மை என்று சொல்லி வாங்கத் துணியாத தொகையாகிவிடும்.

தொழில் வட்டாரத்தின் தீர்ப்பு இதற்கு மாறாக இருந்தது. பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகளுக்கான கழகமாகிய பாஃப்டா, 2019 ஏப்ரலில் வழங்கிய விளையாட்டு விருதுகளில் குடும்ப விளையாட்டு, புதுமை என்னும் இரு பிரிவுகளிலும் லாபோவையே தேர்ந்தெடுத்தது. குடும்ப விளையாட்டு என்று விருது பெற்ற பொருளைப் பெரும்பாலான குடும்பங்கள் வாங்கவில்லை என்ற முரண்பாட்டுக்கு விடை, கட்டி முடித்த பிறகு என்ன நிகழ்ந்தது என்பதில் இருக்கிறது.

பியானோவை மூன்று மணி நேரம் கட்டிய பிள்ளை அதைக் கொண்டு ஆடத்தக்க ஆட்டம் அரை மணியில் தன் புதுமையை இழந்துவிடும். மீன்பிடித்தலும், திரைக்குள் ஒரு சிறு விலங்கு வாழும் வீடும் அப்படியே. அவை ஒவ்வொன்றும் அட்டைப் பொறியின் நுட்பத்தைக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிகளாக இருந்தனவேயன்றி, மீண்டும் மீண்டும் இழுக்கும் ஆழம் உடைய விளையாட்டுகளாக இல்லை. கைப்பிடியை வயிற்றில் சாய்த்து ஓட்டும் அட்டை மோட்டார் சைக்கிள் மட்டும், 2018இலேயே 'மரியோ கார்ட் 8' என்ற புகழ்பெற்ற பந்தய விளையாட்டோடும் இணைந்து இயங்க வழி செய்யப்பட்டதால், ஓரளவு நீடித்த பயனைப் பெற்றது. துணைப்பொருள் என்பது ஏற்கெனவே விரும்பப்படும் விளையாட்டுக்குத் துணையாக வரும்போதுதான் நிலைக்கிறது; தனக்கென்று ஒரு விளையாட்டைத் தானே சுமந்து வரும்போது அந்தச் சுமையில் தளர்ந்துவிடுகிறது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. நுங்குக் கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி செய்யும் சிறுவனுக்கு அது உடைந்தால் அடுத்த நுங்கு இருக்கிறது. மரக்கட்டைகளையோ லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளையோ கலைத்துவிட்டு வேறொன்றைக் கட்டலாம். லாபோவின் தாளை ஒருமுறை பிரித்து மடித்துவிட்டால் அது அப்பொருளாகவே நிற்கும். 70 டாலரின் முதன்மையான இன்பம் கட்டுதல் எனில், அவ்வின்பம் ஒரே முறை நிகழ்ந்து தீர்ந்துபோகும் தன்மையுடையது. எஞ்சுவது, மைக்ரோவேவ் அடுப்பளவு இடத்தை அடைத்துக்கொண்டு, தட்டிவிட்டால் நசுங்கவும் ஈரம் பட்டால் நெகிழவும் காத்திருக்கும் ஒரு பொருள். கிழிந்த பகுதிகளுக்கு மாற்று அட்டைகளை நிறுவனம் தனியே விற்றது. சாதாரண அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளும் வார்ப்புருக்களையும் வெளியிட்டது. பாராட்டத்தக்க இவ்விரு ஏற்பாடுகளும் இடப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. 2005இல் தொடங்கிய 'கிட்டார் ஹீரோ' விளையாட்டின் பிளாஸ்டிக் கிட்டார்கள் வீடுகளை நிறைத்ததையும், அவ்வரிசையை 2011இல் அதன் வெளியீட்டாளர் நிறுத்தியதையும், பொம்மையைக் கருவியின்மீது வைத்தால் அது திரைக்குள் உயிர்பெறும் வகையைச் சேர்ந்த 'டிஸ்னி இன்ஃபினிட்டி' 2016இலும் 'லெகோ டைமென்ஷன்ஸ்' 2017இலும் முடிவுக்கு வந்ததையும் கண்ட பெற்றோர், பரணில் இன்னொரு பெட்டிக்கு இடம் தேடுவதில் தயங்கியது இயல்பே. அட்டைக்கு ஒரு நன்மை உண்டு: அதைப் பழைய காகிதத்தோடு போடலாம். ஆனால் பிள்ளை மடித்ததைப் போடுவது யார்?

லாபோவுக்குள் தீராத ஒன்றும் இருந்தது. அதைக் கண்டவர்கள் குறைவு. மென்பொருளின் ஒரு மூலையில் 'டாய்-கான் காரேஜ்' என்ற பட்டறை வைக்கப்பட்டிருந்தது. நிரல் எழுதும் மொழி எதையும் அறியாதவரும், திரையில் உள்ளீட்டுப் பெட்டி ஒன்றையும் வெளியீட்டுப் பெட்டி ஒன்றையும் வைத்து இரண்டையும் கோட்டால் இணைத்தால் ஒரு விதி உருவாகும்: கருவியைக் குலுக்கினால் அதிரட்டும், ஒட்டுத்தாள் தெரிந்தால் ஒலிக்கட்டும் என்பன போல. தொகுப்பில் வந்த அட்டையைத் துறந்து, வீட்டிலிருக்கும் காலணிப் பெட்டியையும் துடைப்பக் குச்சியையும் வைத்துத் தாமே வகுத்த கருவிகளைச் செய்ய இது இடம் தந்தது. அறிவுரையைப் பின்பற்றி மடிப்பது கைத்திறன். படைப்பு என்ற சொல் பொருந்துவது பட்டறைக்கே. விளம்பரங்களோ பியானோவையும் தூண்டிலையுமே முன்னிறுத்தின.

வீட்டைவிடப் பள்ளி இதற்குப் பொருத்தமான இடம் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. 2018 அக்டோபரில் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையும் நியூயார்க்கின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ளே' என்ற கல்வி அமைப்பும் இணைந்து, 8 முதல் 11 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,000 மாணவரை அக்கல்வியாண்டில் எட்டும் நோக்கோடு தொடக்கப் பள்ளிகளுக்கு லாபோவைக் கொண்டுசென்றன. ஒரு வகுப்பு முடித்ததை அடுத்த வகுப்பு பிரித்துப் பார்க்கலாம், கெட்டதைப் பழுது நீக்கலாம், பரண் கவலையும் இல்லை. வீட்டின் குறைகள் பல அங்கே குறைகளாக இருக்கவில்லை.

வாகனத் தொகுப்பு 2018 செப்டம்பரிலும், கண்ணில் வைத்துப் பார்க்கும் மெய்நிகர்க் காட்சித் தொகுப்பு 2019 ஏப்ரலிலும் வந்தன. கைபேசியை அட்டைப் பெட்டிக்குள் செருகி முப்பரிமாணக் காட்சி காணும் எளிய கருவியைக் கூகுள் 2014லேயே அறிமுகப்படுத்தியிருந்ததால், பின்னதில் புதுமை குறைவு. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முப்பரிமாணக் காட்சி ஏற்றதன்று என்ற எச்சரிக்கையும் அதோடு வந்தது. 40 டாலருக்கு ஒரு சிறு தொகுப்பும் விற்கப்பட்டதிலிருந்து, விலை குறித்த தயக்கத்தை நிறுவனம் உணர்ந்திருந்தது என்று கொள்ளலாம். அதன்பின் புதிய லாபோ வரவில்லை.

ஆயினும் கட்டி விளையாடும் ஆசை மறையவில்லை. அது வேறு பொருள்களுக்கு இடம்பெயர்ந்தது. 2020 ஆகஸ்டில் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து நிண்டெண்டோ வெளியிட்ட மரியோ தொகுப்பில், வயிற்றிலும் கண்களிலும் சிறு திரைகள் உடைய மரியோ பொம்மை தன் காலடியிலுள்ள கட்டைகளின் நிறத்தை உணர்ந்து ஒலியெழுப்பியது. தடத்தை எத்தனை முறையும் கலைத்துக் கட்டலாம், விளையாட்டுக் கருவியே தேவையில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'மரியோ கார்ட் லைவ்' தொகுப்பில், ஒளிப்படக் கருவி பொருத்திய சிறு வண்டி வீட்டின் கூடத்திலேயே ஓட, நாற்காலிக் கால்களுக்கிடையே தடம் வகுப்பது ஆடுபவரின் வேலையாயிற்று. அட்டை அங்கே நான்கு வாயில்களாகச் சுருங்கியது. இரண்டிலும் கட்டுதல் ஒருமுறை நடந்து முடியும் சடங்காக இல்லாமல் ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் முந்திய வேலையாக மாறியிருப்பதில், லாபோவிலிருந்து பெற்ற பாடம் தெரிகிறது.

லாபோவின் பட்டறையும் தனியே பிழைத்தது. 2021 சூனில் 30 டாலருக்கு வெளியான 'கேம் பில்டர் காரேஜ்', பெட்டிகளைக் கோட்டால் இணைக்கும் அதே முறையை விரிவுபடுத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் 'நோடான்' என்ற பெயரும் பேச்சும் முகமும் கொடுத்து, முழு விளையாட்டுகளையே சிறுவர் செய்துகொள்ளக் கற்பித்தது. அதில் அட்டை ஒரு தாளும் இல்லை. லாபோ தொகுப்புகளுக்கோ கருவி வழியிலும் கதவு சாத்தப்பட்டுவிட்டது: 2019இல் வந்த சிறிய சுவிட்ச் வகையில் ஜாய்-கான்கள் கழற்ற முடியாதவாறு உடலோடு ஒட்டியிருந்தன; 2025 சூனில் வெளியான சுவிட்ச் 2 அளவில் பெரியதாதலால் பழைய அட்டைக் கூடுகளுக்குள் நுழையாது; அதன் புதிய ஜாய்-கான்களில், பியானோவின் 13 ஒட்டுத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அகச்சிவப்புக் கண் வைக்கப்படவேயில்லை.